மதியின் ஷூ என் பையில் இருந்தது

மருமகள் கன்னியம்மாவுக்கு, விசாகப்பட்டினத்திலிருந்து உன் அத்தை எழுதுவது. நாங்கள் சுகம். பிள்ளைப்பாக்கத்தில் நீயும் முனிரத்தினமும் சுகமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொண்டேன்.

நேற்று உன் மகள் மதி மாரத்தானை முழுசாக ஓடி முடித்தாள். ஆனால் வெறுங்காலோடு ஓடினாள்.

புது ஷூவை யாராவது எடுத்துவிடப்போகிறார்கள் என்று நான்தான் என் பையில் வைத்திருந்தேன். அந்தப் பையோடு கடல் பார்க்கப் போனேன். அலையில் நின்று கிளிஞ்சல் பொறுக்கியதில் நேரம் போனதே தெரியவில்லை. திரும்பி வந்தால் எல்லோரும் ஓடப் போய்விட்டார்கள்.

முடித்து வந்தவளுக்குப் பாதமெல்லாம் கொப்புளம். கோச் கத்தினார்: "ஷூ இன்னாம்மா ஆச்சு? அறிவு கீதா உனக்கு?"

"கடிச்சிச்சி சார், நான்தான் கழட்டிப் போட்டுட்டேன்" என்றாள். தெருவையே அதட்டுகிற நான், பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது, "இன்னா ஆயா, கடலு எப்டி கீது?" என்று சிரிக்கிறாள்.

உன்னிடமும் அவள் ஷூ கடித்ததாகத்தான் சொல்லுவாள். நம்பாதே, அவளைத் திட்டாதே. "நான் பாத்துக்கிறேன், நீ வராதே" என்று உன்னை நிறுத்தியவள் நான்தானே.

புண் ஆறியதும் கிளம்புகிறோம். இங்கே தமிழ் பேச ஆளில்லை. லாட்ஜ் விலாசத்துக்கு இரண்டு வரி போடு, திட்டி எழுதினாலும் சரி. மதி எழுந்து பிடுங்குவதற்குள் இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

உன் அத்தை