கட்டளைக்கு அடங்காத கப்பல்

ஐப்பசி 2, ஞாயிறு

விடியலில் தூறல். நாற்றங்காலில் தேங்கிய தண்ணீரை வடித்தாயிற்று. உத்திரமேரூரில் வாங்க: தவிடு, யூரியா, மனைவி மங்கைக்குத் தைலம்.

மகள் தேவிகா போன் செய்தாள். (கப்பல்காரர்கள் எதையும் மூன்றெழுத்தில் முடிக்கிறார்கள். நானும் சுருக்குகிறேன். தேவிகா = தே.) சரக்குக் கப்பலில் நாலாவது இன்ஜினியர். ராஜகுளத்து மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கப்பல் கூடாதாம். அடுத்த துறைமுகத்தில் இறங்கி வா என்றேன்.

"கப்பல வுடமாட்டேன் நைனா. அவுங்களுக்கு வேற பொண்ணு கெடைக்கும்."

"பெத்தவன் பேச்ச கேக்காம எங்கதான் போய்க்கினு கீற நீ?"

"சிங்கப்பூருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள். சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி 3, திங்கள்

நல்ல வெயில். யூரியா கிடைக்கவில்லை. தைலம் மறந்துபோனது.

மத்தியானம் தே. மெசேஜ். மூன்றே எழுத்து: என்.யூ.சி. போனில் தேடிப் பார்த்தேன். நாட் அண்டர் கமாண்ட். கமாண்ட் என்றால் கட்டளை, அதுகூடவா எனக்குத் தெரியாது? உன் கட்டளைக்கு அடங்கியவள் நானில்லை என்கிறாள். இங்கிலீஷில் திட்டினால் அப்பனுக்கு உறைக்காது என்று நினைப்பு.

மங்கை எட்டிப் பார்த்தாள். "இன்னா எழுதிக்கீறா கொய்ந்த?"

"கொழுப்பு. வேற இன்னா?"

பதில் போடவில்லை.

ஐப்பசி 4, செவ்வாய்

மேகமூட்டம். தே.யிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் ஒன்றும் அனுப்பவில்லை. வீம்பு என்றால் வீம்புதான். மங்கை சோற்றுத் தட்டை வைத்த சத்தமே சரியில்லை.

ஐப்பசி 5, புதன்

மங்கைக்குப் பொறுக்கவில்லை. பிரியாவுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள். பிரியா தே.யோடு படித்த பெண், சென்னையில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. மகள் மூன்றெழுத்தில் திட்டியதைச் சொன்னேன்.

"அங்கிள், அது உங்கள சொல்லல. கப்பல சொல்றா. இன்ஜின் நின்னுபோய் கப்பல திருப்ப முடியலன்னா அப்படித்தான் சொல்லுவாங்க. ரெண்டு செவப்பு லைட்ட ஒண்ணுமேல ஒண்ணு ஏத்திடுவாங்க. மத்த கப்பல்தான் ஒதுங்கிப் போகணும்."

"ஆபத்தாம்மா?"

"சரி பண்ணிடுவாங்க அங்கிள். அதுக்குத்தானே அவ இருக்கா."

நடுக்கடலில் நின்றுபோன கப்பலிலிருந்து அப்பனுக்கு ஒரு வார்த்தை அனுப்பியிருக்கிறாள். அதைக் கொழுப்பு என்றேன். உடனே அனுப்பினேன்: சாப்ட்டியா? ஒரே டிக். போய்ச் சேரவில்லை.

ஐப்பசி 6, வியாழன்

மழை. ஒரே டிக். வயலுக்குப் போனேன், எதற்குப் போனேன் என்பது மறந்துவிட்டது. திரும்பி வந்தேன். ஒரே டிக்.

பயமாக இருக்கிறது. மங்கையிடம் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். தே. குரல் கேட்டால் போதும். கப்பலோ கல்யாணமோ, அவள் இஷ்டம்.

ஐப்பசி 7, வெள்ளி

மழை விட்டது. ராஜகுளத்துக்காரர் போன்.

"இன்னாங்க, பொண்ணு எப்ப கப்பல வுட்டு எறங்குது?"

"எறங்காதுங்க. நீங்கதான் ஒதுங்கிப் போவணும்."

வாயில் வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, கோபமாக வைத்துவிட்டார். மங்கை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மத்தியானம் தட்டை மெதுவாக வைத்தாள்.

சாயங்காலம் இரண்டு டிக்! பின்னாலேயே தே. மெசேஜ்: எஃப்.டபிள்யூ.ஈ.

"ஐயோ, இன்னாங்க, மறுபடி இன்ஜின் பூட்ச்சா?" என்று மங்கை.

இந்தத் தடவை எங்கும் தேடவில்லை. மகளையே கேட்டேன். பதில் வந்தது: "ஃபினிஷ்ட் வித் இன்ஜின்ஸ், நைனா. கப்பல கரையில கட்டியாச்சு, இன்ஜினுக்கு இனிமே வேல இல்லன்னு அர்த்தம். சாப்ட்டேன். உன் கோவம் இன்னும் ஓடிக்கினு கீதா?"

தடவித் தடவி டைப் அடித்தேன்: இங்கேயும் எஃப்.டபிள்யூ.ஈ.