மாதபாவில் கீழே வைத்த கோப்பை

செப்டம்பர் 14
இரண்டு லாரி நிறையத் தொட்டிகள் இறங்கின. அம்மான் நகரத்தில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே வருகிறவரை என் தொட்டிகளும் பம்புகளும் விற்கும்.

பகலில், கடையில் விற்பனையைப் பார்க்கும் மைஸூன் என் அறைக்கு வந்தாள். ரியாதில் ஒரு நிறுவனம் அவளை விற்பனைத் தலைவியாகக் கூப்பிடுகிறதாம்.

"சம்பளத்தக் கூட்டறேன்மா."

"சம்பளம் இல்ல, அபூ ஹாஸிம். ஒம்போது வருஷமா ஒரு பம்புக்குத் தள்ளுபடி குடுக்கக்கூட உங்க கையெழுத்துக்குக் காத்து நிக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

செப்டம்பர் 15
அவளைத் துபாய்க்குப் பயிற்சிக்கு அனுப்பியது நான். ஆங்கில வகுப்புக்குக் கட்டியது நான். எல்லாம் எவனோ ஒருவனுக்கா? எழுதும்போதே அற்பமாகத் தெரிகிறது. இருக்கட்டும்.

சோற்றைத் தொடாமல் எழுந்தேன். மனைவி விடவில்லை: "பெத்த புள்ள கனடாவுக்குப் போனப்பகூட நீங்க இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கல."

உண்மைதான். ஹாஸிமுக்குக் கடை பிடிக்கவில்லை. இவளுக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 18
மாதபாவிலிருந்து மைஸூனின் அப்பா அபூ ஃபவ்வாஸ் பேசினார். அவருக்கும் மகளை அனுப்ப மனமில்லை. வாய்விட்டுச் சொன்னால் வீட்டில் சண்டை.

"வெள்ளிக்கெழமை வாங்க. காபியக் குடிக்காம கீழ வைங்க. எங்க ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க. நீங்க கேட்டதக் குடுத்தேன்னு சொல்லிடறேன். சபையில அப்பன் குடுத்த வாக்க எம் பொண்ணு மீற மாட்டா."

விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்; என்னவென்று கேட்கும் முன்பே வீட்டுக்காரர் வாக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். இதைவிடச் சுலபமான பேரம் என் வாழ்நாளில் வந்ததில்லை. சரி என்றேன்.

செப்டம்பர் 19
மைஸூன் தன் வாடிக்கையாளர்களை, கடையில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் ஃபாதியிடம் ஒப்படைக்கிறாள். "ஆஸ்பத்திரிக்காரர காலையில கூப்புட்டா கடிப்பாரு. சாப்பிட்டப்புறம் கூப்புடு, உன் கல்யாணத்தப் பத்தியே விசாரிப்பாரு." படியிறங்கும்போது கேட்டது அவள் சிரிப்பு. தினமும் இதற்காகத்தான் மாடியேறுகிறேன் போலிருக்கிறது.

நாளை வாக்கு வாங்கிவிட்டால் அவள் இருப்பாள். இது இருக்குமா?

செப்டம்பர் 20, வெள்ளி
மாதபா. கூடம் நிறைய ஆண்கள். அபூ ஃபவ்வாஸ் தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார். வாங்கி, குடிக்காமல் எதிரே தரையில் வைத்தேன்.

பேச்சு நின்றது. பேரீச்சம்பழத் தட்டோடு மைஸூன் வாசற்படியில் நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, கோப்பையைத்தான் பார்த்தாள்.

"குடிங்க, அபூ ஹாஸிம். நீங்க கேட்டது கெடச்சாச்சு." அபூ ஃபவ்வாஸின் மீசைக்குள் சிரிப்பு.

"சொல்லிட்டே குடிக்கறேன். உங்க பொண்ணு ரியாத் போறா. யாரும் தடுக்கக் கூடாது."

சிரிப்பு போயிற்று. "இதுக்கா வந்தீங்க?"

"இதுக்குத்தான்."

பொய். கோப்பை தரையைத் தொடும்வரை வேறொன்றுக்குத்தான் வந்திருந்தேன்.

அவர் தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தார். "வாக்கு வெளிய வந்துடுச்சு, அண்ணே. இனி முழுங்க முடியாது."

காபி ஆறிவிட்டது. குடித்தேன்.

மைஸூன் வண்டிவரை வந்தாள். "நீங்க கோப்பையக் கீழ வெச்சப்ப உங்கள வெறுத்துட்டேன்."

"தெரியும்மா."

அக்டோபர் 13
போய்விட்டாள்.

அக்டோபர் 14
ஆளில்லாத மேசையைப் பார்த்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன். ஃபாதி கேட்காதது மாதிரி இருந்தான். நல்ல பையன்.

ஜனவரி 9
ஆஸ்பத்திரிக்கு ஃபாதி பன்னிரண்டு பம்பு விற்றுவிட்டான். என்னிடம் சொல்லாமலே தள்ளுபடியும் கொடுத்திருக்கிறான். பயந்துகொண்டே வந்து நின்றான்.

"உங்களக் கேட்டிருக்கணுமோ?"

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பேன். அதனால இனிமேலும் கேக்காத."

அவன் போனதும் ஃபோனை எடுத்தேன், இதை அவளிடம் சொல்ல. ரியாதில் இந்நேரம் அவள் யாருக்காவது எதற்காவது கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள்.

வைத்துவிட்டேன்.