பெரிய வீட்டைத் தாண்டும்போது

தோல் காயும் வாசம் வருகிறது. முற்றத்தில் பிள்ளைகள் பழைய பேப்பரையும் சருகையும் கூட்டி நெருப்பு மூட்டித் தப்புப் பறையைக் காய்ச்சுகிறார்கள். இந்த மழையில் தோல் தொய்ந்துவிடும். சூடு காட்டினால்தான் குரல் வரும். உன் வீட்டு மாடியில், உன் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கண்ணாடியைச் சாத்தியும் வாசம் நிற்பதாயில்லை. இந்த வாசத்தை நீ எவ்வளவு வெறுத்தாய், பிறகு எவ்வளவு ஆசையோடு இதே முற்றத்துக்கு வரவழைத்தாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். உன்னிடம் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று எனக்கே பிடிபடவில்லை. மாதம் முடிவதற்குள் வீட்டுச் சாவியை ஒப்படைக்கச் சொல்லி உன் தம்பி போனில் செய்தி அனுப்பியிருக்கிறார்.

முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. தெரிந்ததையே திரும்பச் சொல்கிறாள் என்று நீ முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள்.

நாம் இரண்டு பேரும் டயகம பஸ்ஸில் தலவாக்கலைக்குப் பள்ளிக்கூடம் போனவர்கள். நீ பெரிய கங்காணியின் பேத்தி. அவர் திருச்சிப் பக்கத்திலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்த ஆட்களில் ஒருவரின் பேத்தி நான். பஸ்ஸில் நமக்குள் வாடி, போடிதான். உன் வீட்டு கேட்டைக் கண்டதும் என் வாய் தானாக 'நீங்க' என்று மாறிவிடும். அம்மா பழக்கிய பழக்கம் அது. உனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பஸ்சுல நீ, வாசல்ல நீங்களா? நடுவுல எந்த எடத்துலடி நான் பெரிய மனுசியானேன்?" என்று ஒருநாள் கேட்டாய். நான் யோசிக்காமல் ரோட்டிலிருந்த சின்னப் பாலத்தைக் காட்டினேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை.

அந்தப் பாலம் தப்புக்கும் எல்லையாக இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து மயானத்துக்குப் போகிற பாதை உன் வீட்டு வாசலை ஒட்டித்தான் போகிறது. மேலே பாறை வளைவு, கீழே சின்னப் பாலம். எந்தச் சாவு போனாலும் பாறை வளைவில் தப்பு நின்றுவிடும். பாலம் தாண்டித்தான் மறுபடி அடி விழும். சாவுச் சத்தம் கங்காணி வாசலில் கேட்கக் கூடாது என்பது உன் தாத்தாவின் கட்டளை. ஆனால் விடியக்காலையில் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, வரவைக்க அதே தப்பை அதே வாசலில் நின்று அடிக்க வேண்டும். வேலைக்கு எழுப்புகிற சத்தம் அவர் காதுக்கு இனிப்பாக இருந்ததாக்கும். கங்காணிமாரின் காலம் முடிந்துவிட்டது என்று வெளியே பேசிக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் அந்தச் சேதி பாறை வளைவைத் தாண்டி வரவே இல்லை.

சின்ன வயதில் இந்த ஜன்னலில் நின்று நீ பார்த்ததை வெகு காலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாய். அப்போது நீ புருசனை இழந்து, பிள்ளைகளும் இல்லாமல், இந்தப் பெரிய வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்திருந்தாய். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீ ஊற்றிய தேத்தண்ணீர் இரண்டு பேர் கையிலும் ஆறிப்போனது. நீ சொன்னது இதுதான்: தப்பு அடிக்கிற ஒருவரின் கைக்குழந்தை செத்துப்போயிற்று. தன் பிள்ளைக்குத் தானே அடித்துக்கொண்டு வந்த அந்த மனிதர் பாறை வளைவில் நிறுத்தவில்லை. மறந்தாரோ, மாட்டேன் என்றாரோ. உன் தாத்தாவின் ஆட்கள் தப்பைப் பிடுங்கி முற்றத்தில் போட்டு எரித்தார்கள். அது எரிந்து முடியும்வரை, பிள்ளையைத் தூக்கி வந்தவர்கள் அப்படியே ரோட்டில் நிற்க வேண்டியிருந்தது. "தோலு எரிஞ்ச நாத்தம் இன்னும் இந்த வீட்ட விட்டுப் போகலடி" என்றாய். "ஆளுங்க உள்ள வந்து பொழங்குனாத்தான் போகும்."

அப்படித்தான் இந்த வீடு எங்களுடைய கலாசார நிலையமானது. பேர்தான் அது. சனம் இன்றைக்கும் பெரிய வீடு என்றுதான் சொல்கிறது.

நீ வீட்டைத் திறந்துவிட்ட நாள் நல்ல வேடிக்கை. முன்வாசலில் கோலம் போட்டு நீ காத்திருக்க, சனம் முழுவதும் வீட்டைச் சுற்றிப்போய்ச் சமையல் குசினி வாசலில் வரிசையாக நின்றது. அங்கே நின்றுதானே அவர்களுக்குப் பழக்கம். நீ சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பின்பக்கம் ஓடி, ஆட்டுக் கூட்டத்தை ஓட்டுவதுபோல எல்லாரையும் முன்பக்கம் ஓட்டி வந்தாய். அப்படியும் செருப்பை ரோட்டிலேயே கழற்றிவிட்டு வந்தவர்கள் உண்டு. கீழே கூடத்தில் வாசிகசாலை வந்தது. பக்கத்து அறையில் பெண்பிள்ளைகள் தையல் பழகினார்கள். மாடியில் பாட்டும் கூத்தும். லயத்து அறையில் நாலு பேர் உட்கார்ந்தால் அஞ்சாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். இங்கே ஒரு கல்யாணப் பேச்சை நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச முடிந்தது. துரை பங்களாவைப் பார்த்து உன் தாத்தா ஆசையாகக் கட்டிய கணப்பு அடுப்பில் ஒருநாளும் யாரும் நெருப்பு மூட்டியதில்லை. அதற்குள் சின்னப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடினார்கள். நீ தூசியைத் துடைத்துத் துடைத்து அவர்களை வீட்டுக்கு அனுப்புவாய்.

உனக்கென்று நீ கேட்டது ஒன்றுதான். "நான் செத்தா இந்த முத்தத்துலருந்தே அடிச்சுக்கிட்டுப் போகணும். பாலம் வரைக்கும் நிப்பாட்டவே கூடாது. நீதான் பாத்துக்கணும்." பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

முனியாண்டி அண்ணனை நீ அறிவாய். அன்று தப்பு எரிந்ததே, அந்த மனிதரின் மகன். தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் இன்றைக்கும் முதல் அடி அவருடையதுதான். உனக்கும் அவரையே கூப்பிட்டேன். நீ கேட்டதைச் சொன்னேன். சரி தங்கச்சி என்றார். முற்றத்துக்கு வந்தார், தப்பைத் தோளில் மாட்டினார், குச்சியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். உன்னைத் தூக்கினார்கள். படி இறங்கினாய், ரோட்டுக்கு வந்தாய், பாலம் தாண்டினாய். அதற்குப் பிறகுதான் தப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் மயானத்துக்குப் போவதில்லையே. நான் வாசல் கேட்டோடு நின்றுவிட்டேன். கருமாதியன்று அவர் வந்தார். "அடிக்கணும்னுதான் வந்தேன் தங்கச்சி. கை வரல" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உன்னை நினைத்துத்தான் அழுதேன்.

மறுவருசம் உன் தம்பி கொழும்பிலிருந்து வந்தார். நீ பத்திரம் எழுத நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்து, எழுதாமலே போய்விட்டாய். ஆகவே வீடு இப்போது அவருடையதுதான், நிலையமும் சாவியும் மட்டும் என் பொறுப்பில். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒழுகிய கூரைத் தகரத்தை மாற்றினார், சுவருக்குப் பெயின்ட் அடித்தார். தாத்தாவின் தோளில் ஏறித் திரிந்த பிள்ளை அவர். அந்தத் தோள் மட்டும்தான் அவருக்கு ஞாபகம். வாசலில் பதிக்க ஒரு கல்பலகை செய்து கொண்டுவந்தார். மூன்று மொழியிலும் எழுத்து. பெரியவர் மேல் கொண்ட மரியாதையால் மக்கள் இந்த இல்லத்தைக் கடக்கும்போது தப்பிசையை நிறுத்தி மௌனம் காத்தார்கள் என்று அதில் இருந்தது. படித்ததும் நீ பார்த்ததை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அக்காவுக்கு அப்போது சின்ன வயது, எதையோ பார்த்துப் பயந்திருப்பாள் என்றார். பிறகு, "வீட்டக் குடுத்தது நாங்க. எங்க கதைய நாங்க சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

அதோடும் விடவில்லை. திறப்பு விழாவுக்கு ஓர் ஊர்வலம் வைத்தார். தப்பு பழகுகிற பிள்ளைகள் பாறை வளைவுவரை அடித்து வந்து, அங்கே நிறுத்தி, வாசலைக் கடந்து, பாலம் தாண்டித் தொடங்க வேண்டும். ஒத்திகையை இந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் குச்சியை உயர்த்திப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சுக்கூட விடாமல் நடந்தார்கள். அழகாக இருந்தது. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. என் அப்பா தலையைக் குனிந்து நடந்த இடம் அது. ஏன் நிறுத்துகிறீர்கள் என்று என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையைக் கேட்டேன். டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அது பாவமாகப் பார்த்தது. "மரியாதை டீச்சர்" என்றது.

விழாவுக்கு முந்தின நாள் முனியாண்டி அண்ணனிடம் போனேன். நீங்களாவது நிறுத்தாமல் அடித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். பாப்போம் என்றார். மறுநாள் அவருக்கு வெள்ளை வேட்டி கட்டிப் பிள்ளைகளுக்கு முன்னால் நடக்க விட்டார்கள். வாசலில் பந்தல், பிரமுகர்கள், கமரா எல்லாம் இருந்தன. பாறை வளைவு வந்தது. அவர் கை நின்றது. பிள்ளைகள் பழகிக்கொண்டபடி நிறுத்தினார்கள். அவர் நிறுத்தியது அப்படியில்லை. குச்சியை இறக்கித் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் கைதட்டியது. சத்தம் நின்றதற்குக் கைதட்டினார்கள், தெரியுமா? உன் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். முனியாண்டி அண்ணன் யாருக்குத் தட்டுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

நன்றியுரையை என் தலையில் கட்டியிருந்தார்கள். மைக் கைக்கு வந்ததும் எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. முற்றத்தில் நெருப்பு எரிந்த இடத்தைக் காட்டினேன். உன் ஜன்னலைக் காட்டினேன். யார் பேரையும் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். "இது மரியாதை இல்லைங்க, பயம்" என்றேன். "அதப் பார்த்த புள்ளதான் வளர்ந்து இந்த வீட்ட நமக்குத் தெறந்து விட்டுச்சு." யாரும் கைதட்டவில்லை. உன் தம்பி பந்தலிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்தார். "எங்க தாத்தாவ எங்க வாசல்லயே வச்சு அவமானப்படுத்திட்டீங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னார். கார் புறப்பட்டுப் போயிற்று. பலகை பதிக்கப்படாமல் தையல் அறைக்குள் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது.

ஊர் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது என்று நினைத்துவிடாதே. சாவியைக் கேட்ட செய்தி பரவியதும் ஒரு தாய் என்னை வழிமறித்தாள். "பலகையில என்னா எழுதியிருந்தா என்ன டீச்சர்? எம்புள்ள உக்காந்து படிக்க ஒரு எடம் இருந்துச்சு. அதையும் கெடுத்துட்டீங்களே" என்றாள். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? வாயை மூடிக்கொண்டு வீட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டுமோ என்று தினமும் யோசிக்கிறேன். வாசிகசாலைப் புத்தகங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கோயில் மடத்திலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் இடமில்லை என்கிறார்கள். தம்பியோடு பேசப் பார்க்கிறேன், அவர் போனை எடுப்பதில்லை.

போன வாரம் மேல் லயத்தில் கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தி இறந்துபோனாள். சாமான்களைக் கட்டிக்கொண்டு இந்த மாடியில் இருந்தேன். தூரத்தில் தப்புச் சத்தம் கேட்டது. முனியாண்டி அண்ணனும் இன்னும் இரண்டு பேரும்தான். பாறை வளைவு நெருங்க நெருங்க நான் கையிலிருந்ததை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். மற்ற இருவரும் வளைவில் நிறுத்தினார்கள். இவர் ஓர் எட்டு வைத்தார், அடித்தார். இன்னோர் எட்டு, இன்னோர் அடி. தாளம் பிசகிப்போயிற்று. பழகாத பிள்ளை அடிப்பதுபோல விட்டு விட்டு விழுந்தது. வாசலுக்கு நேராக வந்தபோது முகத்தைத் திருப்பி இந்த ஜன்னலைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மழையில் சரியாகத் தெரியவில்லை. பாலம் தாண்டும்வரை அவர் நிறுத்தவில்லை.

சாயங்காலம் குளித்து முடித்து, ஈரத் தலையோடு வந்து குசினி வாசலில் நின்றார். முன்பக்கம் வாங்க அண்ணே என்றேன். சுற்றிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். பிறகு, "அடி சரியா விழல" என்றார்.

"கேட்டுச்சுண்ணே" என்றேன்.

"ஒனக்குக் கேட்டுச்சு" என்றார். "அந்தப் பெரிய வீட்டம்மாவுக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. மாதம் முடிந்தால் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பிசகிய அடி என் காதை விட்டுப் போகவில்லை. உன் வாசலில் விழுந்தது, நிற்காமல் விழுந்தது. நீ கேட்டபடி நான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். அவர் அடித்தார், நான் கேட்டேன்.