பதினேழாம் பாதை

மார்ச் 4, செவ்வாய்

ஊரின் மின்பாதைகள் மொத்தமும் இன்று என் கணினியில் ஒரே படத்தில் வந்துவிட்டன. இருநூற்றுப் பன்னிரண்டு கோடுகள். கரண்ட் அதிகம் ஓடினால் கோடு தடிக்கும், குறைந்தால் மெலியும், ஓடாவிட்டால் சாம்பல் நிறம். புகைப்படம் மாதிரி இல்லை இது. எந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கு மட்டும்தான் உள்ளே இருக்கிறது. அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்குவதில்லை. அரை மணி நேரம் பெரிதாக்கிக்கொண்டே இருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

மார்ச் 6, வியாழன்

அத்தான் (அக்கா வீட்டுக்காரர், எங்கள் மின்வாரிய அலுவலகத்திலேயே லைன் ஃபோர்மேன்) படத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பூனை உருட்டின நூல்கண்டு மாதிரி இருக்கு" என்றார். எரிச்சலாக வந்தது. திங்கள் முதல் அவர் ஆட்களின் போனிலும் இதுதான் வரப்போகிறது. அப்போது பார்க்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

பதினேழாம் பாதை ஏன் எப்போதும் சாம்பலாகவே இருக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. சும்மா போனில் படத்தைத் திறந்தேன். அவள் தெரு பதினேழாம் பாதையில்தான் இருக்கிறது. சாம்பல்.

"அக்கா, இது இன்வெர்ட்டர்லயா ஓடுது?"

"இன்வெர்ட்டருக்கு நான் எங்க போவேன்? கரண்ட்லதான் ஓடுது. உனக்கு என்ன ஆச்சு?"

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்து நான் எழுதிய நிரலைத் திறந்தேன். அந்தப் பாதையின் மீட்டர் ஒரு மாதமாக எதுவுமே அனுப்பவில்லை. அளவு வராத இடத்தில் பூஜ்யம் போடு என்று எழுதி வைத்தது யார்? நான்தான். தெரியாததை எல்லாம் இல்லை என்று வரைந்திருக்கிறேன் — அதுவும் கொஞ்சமும் கலங்காத கோட்டில்.

நாளைக்கு அத்தான் இதைப் பாத்துட்டு கம்பத்துல ஏறினா? என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்.

மார்ச் 10, திங்கள்

எல்லோருக்கும் முன்னால் போய் மாற்றிவிட்டேன். அளவு வராத பாதை இனி சிவப்பில் விட்டு விட்டுப் போகும் கோடாக வரும். பக்கத்தில் "தெரியாது" என்று இருக்கும். எண்ணினால் நாற்பத்து மூன்று!

எங்கள் அதிகாரி முகம் சுளித்தார். "இத்தனை 'தெரியாது' இருந்தா பாக்கறவங்க நம்மள என்ன நெனைப்பாங்க? பழையபடியே விடும்மா."

"தெரியாதத வேற எப்படி சார் வரையறது?" என்றேன். அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

அத்தானிடமும் போய் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "சோதிக்காம நாங்க எதையும் தொடமாட்டோம்மா, பயப்படாத" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

அதிகாரி இன்று என் மேசைப் பக்கம் வரவில்லை. படத்தை மாற்றவும் சொல்லவில்லை.

மார்ச் 19, புதன்

காலையிலிருந்து காற்றும் மழையும். பதினேழாம் பாதையில் மரம் சாய்ந்துவிட்டது. பதினொரு மணிக்கு அத்தான் போன் செய்தார்.

"கம்பி அறுந்து ரோட்டுல கெடந்துச்சு. உன் படத்துல 'தெரியாது'ன்னு இருந்துதா, டெஸ்டர வெச்சுப் பாத்தேன். கரண்ட் இருந்துச்சு."

"எப்பவும் வெச்சுப் பாப்பீங்கதானே அத்தான்?"

அத்தான் குரலைத் தாழ்த்தினார்.

"சாம்பலா இருந்திருந்தா, இந்த மழையில, கையால தூக்கி ஓரமா போட்டிருப்பேன்."

பிறகு அவரே, "அந்த நாப்பத்து மூணையும் அச்சடிச்சுக் குடு, வண்டிக் கதவுல ஒட்டணும். நான் கண்ணாடி போடாம படிக்கற அளவுக்குப் பெருசா வருமா?" என்றார்.

வரும் என்றேன். பிரிண்டரில் ஐந்தாவது தாள் ஓடிக்கொண்டிருக்கிறது.