போயிட்டு வரேன்

அன்பு அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், அசதிதான் விடமாட்டேன் என்கிறது.

சலவை ஆலை ஆண்டு விழாவில் என்னை மேடையேற்றி ஜோக் சொல்லச் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து கிளம்பும்போது அப்பா டாக்டரிடம் "போயிட்டு வரேன்" என்றதையும், அவர் "வராதீங்கன்னுதானே தைச்சு அனுப்புறோம்!" என்று பதறியதையும் இவர்கள் மொழியில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. போகிறவர் ஏன் வருவதாகச் சொன்னார் என்று மேலாளர் கேட்டார். அடுத்து வந்த டிரைவர் வேண்டுமென்றே வழுக்கி விழுந்தார், கூரையே அதிர்ந்தது. ஜோக்கில் பாதி, கேட்பவர்களிடம்தான் இருக்கிறது போலும்.

அப்பாவை அதை மறுபடி சொல்லச் சொல்லி, நீங்கள் சிரிப்பதைப் போனில் பதிந்து அனுப்புங்கள்.

ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது. போயிட்டு வரேன்மா. இது ஜோக் இல்லை.

உங்கள் மகன்