காஞ்சனா அக்கா பெயர் போட்ட மென்பொருள்

என் காஞ்சனா அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் கரண்டு போகாமல் இருக்கட்டும்.

உன் காரியம் முடிந்த மறுநாளே சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டிவிட்டார்கள். நீ பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி கைகூப்பி ஆளுயரத்துக்கு நிற்கிறார். உன் முகம் மூலையில் தபால்தலை அளவு. கீழே, ‘எங்கள் சென்டரின் தமிழ் இணைய மென்பொருளுக்காக உழைத்தவர்’ என்று போட்டிருக்கிறது. எங்கள் சென்டராம். டீ குடிக்காமலே ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? வடக்குப்பட்டில் உங்கள் வீட்டு மாடியறைக்கு நான் குடிவந்த வருஷம்தான் அந்த மென்பொருளை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. இணையம் பார்ப்பது, மெயில் அனுப்புவது, பக்கம் வடிவமைப்பது எல்லாம் ஒரே இடத்தில். ஃபுல் மீல்ஸ் மாதிரி என்பாய். வெளிநாட்டில் அதை நடத்தியவர்கள், தனித்தனியாகக் கொடுத்தால்தான் ஓடும், இனி இது கிடையாது என்று சொல்லி, அதன் மூல நிரலை மட்டும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார்கள். அதன் மெனுவை நீ பாதிவரை தமிழாக்கியிருந்தாய்.

உடனே முதலாளி சென்டர் மெஷின்களிலிருந்து அதைத் துடைத்தெடுத்தார். “செத்துப்போன சாப்ட்வேருக்குத் தமிழ் இன்னாத்துக்கும்மா?” என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். நீ வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாய்.

“ஓட்டல மூடினா இன்னாடி? சமையல் குறிப்ப ஊருக்கே குட்த்துட்டுத்தானே போறாங்க. நாம ஆக்கிக்கினு போவ வேண்டியதுதான்.”

அப்படித்தான் நடந்தது. எந்தெந்த நாட்டிலோ சம்பளமில்லாதவர்கள் சேர்ந்து அதை வேறு பெயரில் உயிரோடு வைத்தார்கள். தமிழுக்கு நீ ஒருத்தி. கம்பெனி லைனில் ஷிப்டு முழுக்க நின்று கால் வீங்கி வரும் என்னை உட்காரவைத்து, “இது புரியுதா பாரு” என்பாய். எத்தனை வருஷம், அக்கா. மஞ்சள் காமாலையில் படுத்தபோதும் நீ லேப்டாப்பை விடவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் அந்த முதலாளி எட்டியாவது பார்த்தாரா?

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். உன் படத்துக்கு ஒரு முழம் பூகூட இல்லை, வெறும் கை.

“அவங்க பண்ண தமிழ் பைலுங்க உங்கிட்டதான கீது? குட்த்துடும்மா. சென்டர் பேர்ல வெளியிட்டா நல்லா போவும்.”

“அக்கா பேரு?”

“செத்தவங்களுக்குப் பேரு இன்னாத்துக்கும்மா?”

அதே வாய்.

“ஏற்கெனவே நெட்டுலதான் கெடக்கு. யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம். எழுதுனவங்க பேரை மட்டும் அழிக்கக் கூடாது, அதுதான் நிபந்தனை. எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுங்க” என்றேன்.

எடுத்துக்கொண்டார், வெட்கமே இல்லாமல். திறந்ததும் உன் பெயர் வரும்படி, நீ கற்றுக்கொடுத்த வழியில் நான்தான் போட்டிருந்தேன். நீ இருந்திருந்தால் வேண்டாமென்றிருப்பாய். நிபந்தனையை மதிக்கிற ஆளா அவர்? அழிக்கத்தான் பார்த்திருக்கிறார். முடியவில்லை. அந்த சென்டரில் அந்த வேலை தெரிந்தவள் நீ ஒருத்திதானே.

நேற்று அந்த வழியாகப் போனபோது ஜன்னலோரம் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “சார், தொறந்ததும் ‘தமிழில்: காஞ்சனா’ன்னு வருதே, யாரு சார் அவங்க?”

அவர் தொண்டையைச் செருமினார். “இங்க வேல பாத்த மேடம்மா. அவங்க பண்ணதுதான்.”

புது வெர்ஷன் வரும்போதெல்லாம் மெனுவைத் தமிழில் சரிபார்த்து நான் போடுவேன், அக்கா. முதல் திரையில் நீ இருப்பாய். சென்டரில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பேட்சுக்கும் அந்த ஆள் தன் வாயாலேயே சொல்லட்டும்.

மாடியறையைக் காலி செய்யாத உன் தங்கை,
கோமதி