பெருங்காயம் போட்ட மீன்குழம்பு

இன்று காலை நம் அடுக்களையிலிருந்து மீன் வாடை வந்தது. பக்கத்து ஃபிளாட்டாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தேன். பிறகு கரண்டி உரசும் சத்தம் கேட்டது. நம் அடுக்களைதான். எழுந்து போய்ப் பார்த்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அம்மா ஒரு புது மண்சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நீ போய் இன்றோடு ஒரு வருஷம். இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கல்யாணத்துக்கு அம்மா போட்டது ஒரே ஒரு நிபந்தனை. சர்ச்சுக்குப் போகலாம், பைபிள் வைத்துக்கொள்ளலாம், சுவரில் சிலுவை மாட்டலாம். மீனும் இறைச்சியும் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. பரம்பரையாகச் சைவம். அப்பா சாலை பஜாரில் பருப்புக் கடை வைத்திருந்த காலத்தில்கூட, மீன்காரி வரும் நேரத்தில் அம்மா ஜன்னலைச் சாத்துவாளாம். மார்த்தாண்டத்தில் மீனில்லாமல் ஒரு நாளும் சோறு உண்டிராத நீ, கழக்கூட்டத்து ஐ.டி. ஆபீஸ் கேண்டீனில் என் எதிரில் உட்கார்ந்து அந்த நிபந்தனையைக் கேட்டாய். "இவ்வளவுதானா? கடலு பக்கத்துலதானே கெடக்கு" என்றாய்.

அப்படித்தான் நம் சனிக்கிழமைகள் கோவளத்துக்குப் போயின. வெளிச்சம் மங்கி, கலங்கரை விளக்கம் சுழல ஆரம்பித்ததும், கரையோரக் கடைக்காரர்கள் மேசையில் ஐஸைக் கொட்டி அன்றைய மீன்களை அடுக்குவார்கள். நெய்மீன், செம்பல்லி, கணவாய், மீசையோடு சிங்கி றால். கலர் விளக்குகள், ஒவ்வொரு கடையிலும் வேறு வேறு பாட்டு, பீங்கான் கோப்பையில் பீரை மறைத்துக் குடிக்கும் வெள்ளைக்காரர்கள். நீ எதையும் பார்க்கமாட்டாய். நேராக மேசைக்குப் போய் மீனின் செவுளைத் தூக்குவாய்.

"சேச்சி, நல்ல பச்ச நெய்மீனாணு." புது மீன் என்பார் கடைக்காரர்.

"பச்சயோ? ஐஸில கிடந்நு வெளுத்துப் போயல்லோ சேட்டா."

"என்றெ பொன்னு சேச்சி, இன்னு ராவிலெ வந்நதா!"

"ராவிலெ வந்நது சேட்டனாணு. மீன் இன்னலெ வந்நதா" என்பாய், காலையில் வந்தது அவர்தான், மீன் நேற்றே வந்துவிட்டது என்று. அவர் தலையில் அடித்துக்கொண்டு அடியிலிருந்து வேறொரு மீனை உருவுவார். பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்து, "சாரினு வெஜ் ஃப்ரைட் ரைஸ் அல்லே?" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி.

"எடோ சைவம்" என்று கூப்பிடுவாய் என்னை. "அந்தச் சட்டியில நேத்து றால் குளிச்சிருக்கும். நீயும் பாதி மீனாயாச்சு, தெரியுமா?" தெற்கே விழிஞ்ஞம் துறைமுகத்துக் கிரேன்களில் விளக்கு எரியும். நீ அதைப் பார்த்துக்கொண்டே மீன் தலையை உறிஞ்சுவாய். கண்ணை மூடிக்கொள்வாய். அந்த நேரத்தில் உன்னிடம் பேசினால் பதில் வராது.

விழிஞ்ஞத்து மீன் காட்சிசாலைக்கு நாம் போனதும் நினைவிருக்கிறது. கண்ணாடித் தொட்டிகளுக்கு முன்னால் எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டு நடந்தார்கள். நீ ஒவ்வொரு தொட்டிக்கும் தீர்ப்பு வழங்கினாய். "இது பொரிக்கலாம். இதுக்குத் தேங்கா அரைக்கணும். இது காணக் கொள்ளாம், அழகுதான், தின்னா சக்கை." கோடு கோடாகச் செட்டை விரித்த ஒரு மீன் வந்தபோது, "இது விஷம். உன் அம்மைக்குக் குடுத்தாக்கூட பாவம்" என்றாய். முன்னால் போன ஒரு பெண் சிரித்துவிட்டாள். கடல்குதிரைத் தொட்டியின் முன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டேன். "ஆம்பிளைதான் குட்டி சுமக்குமாம். ஒண்ணை வீட்டுக்குக் கொண்டு போனா என்னன்னு யோசிக்கேன்" என்றாய். நாம் குழந்தை பற்றிப் பேசத் தொடங்கியிருந்த மாதங்கள் அவை.

கோவளத்திலிருந்து திரும்பும்போது பெருஞ்சீரகம் மெல்லுவாய், எலுமிச்சைத் தோலால் விரலைத் தேய்ப்பாய். இருந்தாலும் அம்மாவுக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் அவள் சொல்வது ஒரே வாக்கியம்: "வெந்நீர் போட்டு வச்சிருக்கேன்." குளித்த பிறகுதான் நீ அடுக்களைக்குள் போகலாம். அது கோபமா அக்கறையா என்று நாம் இரண்டு பேரும் பல தடவை விவாதித்திருக்கிறோம். முடிவுக்கு வரவில்லை.

பிறகு அந்த மழை. ஃபிளாட்டின் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் முழங்கால் வரை தண்ணீர். நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடந்து ஆபீஸ் போனாய். அடுத்த வாரம் காய்ச்சல். வைரல் என்றுதான் நினைத்தோம். கண் மஞ்சளான பிறகுதான் எலிக்காய்ச்சல் என்றார்கள்.

வார்டில் உனக்குக் கஞ்சி மட்டும். நாக்கு செத்துப்போச்சு என்றாய். அம்மா பிளாஸ்கோடு நின்றிருந்தபோது அவள் கையைப் பிடித்தாய்.

"மாமி, வீட்டுக்கு வந்த பொறவு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நம்ம அடுக்களையில நான் மீன் வைக்கட்டா?"

அம்மா பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "மொதல்ல எந்திரிச்சு வா மக்கா. பொறவு பாக்கலாம்."

"அப்போ இல்லன்னு அர்த்தம்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். மறுநாள் உன்னை ஐசியூவுக்கு மாற்றினார்கள். நாம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆபீஸில் ஏதாவது ஒரு சிஸ்டம் விழுந்தால் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதித் தருவது என் வேலை. நீ போன பிறகு உன் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எக்செல்லில் போட்டு வரைபடம் வரைந்தேன். பிளேட்லெட் கோடு இறங்குகிறது, கிரியாட்டினின் கோடு ஏறுகிறது. இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. அச்சுகளுக்குப் பெயர் போட்டுச் சேமித்து வைத்தேன்.

ஒரு சாயங்காலம் தனியாகக் கோவளம் போனேன். மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "சேச்சி வந்நில்லே?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். "அப்போ அடுத்த ஆழ்ச்ச நல்ல மீன் எடுத்து வைக்காம்" என்று அடுத்த வாரத்துக்கு வாக்குக் கொடுத்தார். ஃப்ரைட் ரைஸ் வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் போகவில்லை.

உன்னை உன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். சடங்கெல்லாம் அங்கேயே முடிந்தது. அம்மாவுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அதனால் இன்று, "நம்ம வீட்டுலயும் அவளுக்கு ஒரு இலை போடணும்" என்று முடிவெடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. விடிந்ததும் வாசல் கேட்டுக்குப் போய், சைக்கிளில் வந்த மீன்காரரிடம் கிளிமீன் வாங்கியிருக்கிறாள். வெட்டித் தரட்டுமா என்று அவர் கேட்டாராம். அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். பிறகு வாழைக்காயை நறுக்குவது போலத் துண்டு போட்டிருக்கிறாள். செதில் எடுக்க வேண்டும் என்று தெரியாது. உள்ளே பித்தப்பை என்று ஒன்று இருப்பதும் தெரியாது. தெரிந்த ஒரே புளிக்குழம்பை வைத்து, வழக்கம்போல் பெருங்காயமும் போட்டிருக்கிறாள்.

மத்தியானம் உன் அப்பா வந்தார். உன் படத்துக்கு முன்னால் அம்மா இலை போட்டுச் சோறு வைத்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மயினி, தெற்றா நெனைக்காண்டாம். படைச்சதை நாங்க திங்கமாட்டோம்."

அம்மாவின் கை சட்டியோடு அந்தரத்தில் நின்றது. அவள் ஒரு வருஷம் யோசித்துச் செய்த காரியம் அந்த வாசலில் நின்றுபோனது.

மாமாதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "படைக்கதுக்கு முந்தி எனக்கொரு கிண்ணத்துல எடுத்துத் தாருங்க" என்றார். அம்மா அடுக்களைக்குத் திரும்பினாள். அவர் பின்னால் போய் அடுப்பு மேடை ஓரமாக நின்று, கண்மூடி ஜெபம் பண்ணி, ஒரு துண்டை வாயில் வைத்தார். தாடை நின்றது. விரலால் ஒரு செதிலை எடுத்துக் கிண்ண ஓரத்தில் ஒட்டினார். இன்னொன்று. மறுபடியும் மென்றார்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"கைக்குது மயினி. பித்துப்பை பொட்டியிருக்கு." கிண்ணத்தை முகர்ந்து, "காயம் போட்டீங்களோ?" என்றார்.

"போடக்கூடாதா?"

அவர் மீதித் துண்டையும் தின்று கிண்ணத்தைக் காலி பண்ணினார். பைப்பைத் திறந்து கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "இது அவ இருக்கும்போ வச்சிருக்கணும்."

"ஆமா அண்ணாச்சி."

அம்மா மிச்சக் குழம்பை இலைக்குக் கொண்டு வந்தாள். விளக்கேற்றி, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சாப்பிட வா என்றாள். மாமா பால்கனிக்குப் போய் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இலையில் நான் உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து நான் தின்ற முதல் மீன். செதில் நகத்துண்டு போல அண்ணத்தில் ஒட்டியது. கைப்பு தொண்டைவரை இறங்கியது. அம்மா எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுவதும் தின்றேன். அவளும் ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தாள், விழுங்கினாள், குளியலறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்தாள்.

மாமா போன பிறகு அவள் சட்டியைக் குப்பையில் போடுவாள், மஞ்சள் நீர் விட்டு அடுக்களையைக் கழுவுவாள் என்று நினைத்தேன். சட்டியைத் தேய்த்து, ரசச் சட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். "அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

உன் மீன்குழம்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நீ எதை ருசித்தாய் என்று இனி யோசிக்கும்போதெல்லாம், என் நாக்கில் வரப்போவது இந்தக் கைப்பும் இந்தப் பெருங்காயமும்தான்.